நாமகிரித் தாயாரின் அடியார் கண்ட பேரெண்

திருக்கோயிலில் மகா கும்பாபிஷேகம் நடைபெறுகிறது என்றால் எங்கும் எண்களின் பேச்சாகவே இருக்கும். யாகசாலையில் இத்தனை குண்டங்கள், கலசங்கள் நூற்றெட்டு அல்லது ஆயிரத்தெட்டு, திருப்பணிக்கு இன்னார் அளித்த தொகை இவ்வளவு என்று ஒவ்வொன்றும் கணக்கிட்டே சொல்லப்பெறும். தொகை பெரிதாயின் அதன் பெருமையும் பெரிது என்று கருதுவது உலக இயல்பு. ஆயினும் ஓர் எண்ணின் பெருமை அதன் அளவில் இல்லை, அது எத்தனை வகையாகக் குறைவின்றிப் பங்கிடப்பெறும் என்பதிலேயே உள்ளது என்று கண்டு, அத்தகைய எண்களை ஆராய்வதற்குத் தம் இளமையைச் செலவிட்ட ஒரு மேதை நம் நாட்டிலே தோன்றினார். அவரே நாமக்கல் நாமகிரித் தாயாரின் திருவடிகளை மறவாத ஸ்ரீநிவாஸ ராமாநுஜன். அவர் வரலாற்றையும், அவர் ஆராய்ந்த ஒரு பேரெண்ணின் இயல்பையும் அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ராமாநுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22-ஆம் நாள், தாயாரின் பிறந்தகமாகிய ஈரோட்டில் பிறந்தார். தந்தை ஸ்ரீநிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கராக இருந்தவர். அன்னை கோமளத்தம்மாள் தெய்வபக்தி மிக்கவர். கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடிவந்தவர். நாமக்கல்லில் நரசிம்மப் பெருமாளுடன் எழுந்தருளியுள்ள நாமகிரித் தாயாரே அக்குடும்பத்தினர் வழிபட்ட தெய்வம். மகப்பேறு வேண்டி அத்தாயாரிடம் பிரார்த்தித்த பின்னரே இப்பிள்ளை பிறந்தது என்று குடும்பத்தார் நம்பினர். கும்பகோணத்துச் சாரங்கபாணி ஸந்நிதித் தெருவில் இருந்த சிறு வீட்டிலே, பெருமாள் கோயிலின் கோபுர நிழலிலே, அவருடைய இளமைப் பருவம் கழிந்தது.

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் பயின்றபோதே அவருடைய கணிதத் திறமை ஆசிரியர்களை வியப்பில் ஆழ்த்தியது. 1903-ஆம் ஆண்டு அளவில் கார் என்னும் ஆங்கில ஆசிரியர் இயற்றிய கணிதத் தொகைநூல் ஒன்று அவர் கைக்குக் கிட்டியது. ஆயிரக்கணக்கான முடிவுகளைப் பெரும்பாலும் விளக்கமின்றி அடுக்கி வைத்திருந்த அந்நூலை அவர் தாமே ஒவ்வொன்றாக ஆராய்ந்து மெய்ப்பித்துக் கொண்டார். அது முதல் கணிதமன்றி வேறொன்றிலும் அவர் மனம் செல்லவில்லை. கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உபகாரச் சம்பளம், ஏனைய பாடங்களில் தேறாமையால் பறிபோயிற்று. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. பரீட்சையில் அவரால் தேர்ச்சிபெற இயலவில்லை. பட்டமும் இல்லை, உத்தியோகமும் இல்லை, கையில் பணமும் இல்லை. காகிதத்தின் விலை கருதிப் பெரும்பாலும் சிலேட்டிலேயே கணக்கிட்டு, முழங்கையால் அழித்து அழித்து எழுதி, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பது அவர் வழக்கமாயிற்று.

1909-ஆம் ஆண்டு ஜானகி அம்மாளை மணந்த பின்னர் அவர் வேலை தேடிப் பல ஊர்கள் அலைந்தார். இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய வி. ராமஸ்வாமி ஐயர் அவருடைய நோட்டுப் புத்தகங்களின் அருமையை உணர்ந்தார். நெல்லூர்க் கலெக்டராக இருந்த திவான் பகதூர் ராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பொருளுதவி செய்து அவரை ஆதரித்தார். 1912-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயர் தாமும் கணிதம் அறிந்தவராதலால் அவருக்கு உற்ற துணையானார். கொடுப்பவர் மனமுவந்து கொடுத்த சிறு உதவிகளே இம்மேதையைப் பட்டினியினின்று காத்தன என்பதை நாம் மறத்தலாகாது.

1913-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ராமாநுஜன் தாம் கண்ட முடிவுகள் பலவற்றை எழுதி, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் விடுத்தார். அதைப் படித்த ஹார்டி, எழுதியவர் முதல்தர மேதையாகவே இருத்தல் வேண்டும் என்று தெளிந்து, அவரை இங்கிலாந்துக்கு வருமாறு அழைத்தார். ஆனால் கடல் கடந்து செல்லுதல் ஆசாரத்திற்கு ஒவ்வாது என்று கருதப்பட்ட காலம் அது. அன்னையின் ஒப்புதல் இன்றி அவர் புறப்படத் துணியவில்லை. இந்நிலையில் நாமக்கல் சென்று தாயாரின் ஸந்நிதியில் தங்கி உத்தரவு வேண்டியதாகவும், அன்னை கோமளத்தம்மாளின் கனவில் தாயார் தோன்றி மகனின் பயணத்தைத் தடுக்கலாகாது என்று பணித்ததாகவும் அவர் வரலாற்றைக் கூறுவோர் சொல்வர். 1914-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 17-ஆம் நாள் அவர் குடுமி களைந்து, மேனாட்டு உடை தரித்து, நெவாசா என்னும் கப்பலில் சென்னையை விட்டுப் புறப்பட்டார்.

கேம்பிரிட்ஜில் அவர் மரக்கறி உணவன்றி வேறு உண்ணாது, தம் அறையிலே தாமே சமைத்து உண்டு வாழ்ந்தார். சில மாதங்களில் முதல் உலகப்போர் மூண்டது. குளிரும், தனிமையும், தக்க உணவுப் பொருள்கள் கிட்டாமையும் சேர்ந்து வாட்டிய அந்நாட்களிலேதான் அவர் நாம் இங்கே கூறவந்த ஆராய்ச்சியை முடித்து, 1915-ஆம் ஆண்டு லண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் பிரசுரித்தார். அந்த ஆராய்ச்சியின் பொருள் மிகுபகு எண்கள்.

மிகுபகு எண் என்பது யாது? ஓர் எண்ணை மீதமின்றி வகுக்கக்கூடிய எண்களை அதன் வகுஎண்கள் என்போம். 12 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். அதனை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதமின்றி வகுக்கின்றன. பன்னிரண்டு லட்டுகளை இருவருக்கும், மூவருக்கும், நால்வருக்கும், அறுவருக்கும் உடைக்காமல் சமமாக வழங்கலாம். பன்னிரண்டிற்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் இல்லை. பதினொன்றையோ பதின்மூன்றையோ எடுத்துக்கொண்டால் ஒருவரே முழுதும் பெறவேண்டும். அன்றேல் ஆளுக்கு ஒன்றே கிடைக்கும். இவ்வாறு தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விட மிகுதியான வகுஎண்களைப் பெற்று விளங்கும் எண்ணே மிகுபகு எண். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என இவ்வரிசை செல்லும். நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாகவும், ஆண்டுச் சக்கரத்தை அறுபது வருஷமாகவும், இராசிகளைப் பன்னிரண்டாகவும் வகுத்ததை எண்ணிப் பார்த்தால், இவ்வெண்களின் பயன் வழக்கத்திலே முன்னமே இடம்பெற்றிருந்தது விளங்கும்.

ராமாநுஜன் இவ்வரிசையைக் கணக்கிட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட மிகுபகு எண்களை ஒரு பட்டியலாக அமைத்தார். அப்பட்டியலின் இறுதியில் நிற்கும் பேரெண் 6746328388800. அதாவது ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெண்ணாயிரத்து எண்ணூறு. நொடிக்கு ஒன்றாக இரவு பகல் ஓயாது எண்ணினாலும் இதனை எண்ணி முடிக்க இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் செல்லும்.

ஆனால் இதன் பெருமை இப்பரப்பில் இல்லை. 1 முதல் 28 வரையுள்ள ஒவ்வோர் எண்ணும் இதனை மீதமின்றி வகுக்கும். இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் பங்கிடலாம். அறுபது நாழிகைகளுக்கும் பங்கிடலாம். நூற்றெட்டு அடியார்க்கும் ஆயிரத்தெட்டு அடியார்க்கும் ஒன்றும் மிஞ்சாமல், ஒருவருக்கும் குறையாமல் பங்கிடலாம். இதனோடு ஒன்றே ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். அப்போது கிடைக்கும் எண் இதனினும் பெரியதே. ஆயினும் 2 முதல் 23 வரை உள்ள எந்த எண்ணாலும் அது மீதமின்றி வகுபடாது. ஒன்று கூடியதனால் அளவு வளர்ந்தது, ஈகை சுருங்கியது.

இப்பேரெண்ணின் அமைப்பை அறிவதும் கடினமன்று. தன்னையும் ஒன்றையும் தவிர வேறு வகுஎண் இல்லாதது பகா எண். எந்த எண்ணும் பகா எண்களின் பெருக்கமாகவே அமையும். கோபுரம் கற்களால் அமைவது போல. நம் பேரெண்ணில் 2 என்னும் கல் ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5 இருமுறையும், 7 இருமுறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் பெருக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பகா எண்ணும் வந்துள்ள எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, அவற்றைப் பெருக்கினால் வகுஎண்களின் தொகை கிடைக்கும். 7, 5, 3, 3 ஆகியவற்றையும் ஐந்து இரண்டுகளையும் பெருக்க வருவது 10080. ஆகவே இப்பேரெண்ணை மீதமின்றி வகுப்பவை பதினாயிரத்து எண்பது எண்கள். இது ஆயிரத்தெட்டின் பத்து மடங்கு என்பதும், 10080 என்னும் இவ்வெண்ணே ஒரு மிகுபகு எண் என்பதும் எண்ண எண்ண இன்பம் தருவன.

மேலும் ஓர் ஒழுங்கைக் காணலாம். 2 முதலாக 23 வரை இடையில் ஒரு பகா எண்ணும் விடுபடவில்லை. சிறிய பகா எண் மிகுதியாகவும், பெரியது குறைவாகவும் படிப்படியாக அமைந்துள்ளன. அடித்தளம் அகன்று உச்சி குறுகும் கோபுரத்தையே இது நினைவூட்டுகிறது. மிகுபகு எண் எதுவாயினும் அதன் அமைப்பு இவ்வாறே இருத்தல் வேண்டும் என்று ராமாநுஜன் காட்டினார். காரணம் எளிது. 18 என்பது ஒரு 2-ம் இரண்டு 3-ம் பெருகியது. 12 என்பது இரண்டு 2-ம் ஒரு 3-ம் பெருகியது. இரண்டிற்கும் வகுஎண்கள் ஆறே. சிறிய எண்ணாகிய 12 அதே ஆறினையும் தருகையில், 18 மிகுபகு எண் ஆகாது. இறுதியில் நிற்கும் பகா எண் ஒருமுறைக்கு மேல் வருவது 4, 36 ஆகிய இரண்டிலே மட்டும்தான் என்பதையும் அவர் மெய்ப்பித்தார். இத்துறை கணிதத்தின் பெருவழியிலிருந்து சற்று ஒதுங்கியது என்று கருதிய ஹார்டியும், இதிலே ராமாநுஜன் காட்டிய ஆற்றலைக் கண்டு வியந்தார்.

கணக்குப் பொறிகள் பெருகாத அக்காலத்தில் இத்தகைய பட்டியலைத் தயாரித்தல் எளிதன்று. அதில் ஒரே ஓர் எண் விடுபட்டுப் போயிற்று என்பதைப் பிற்காலத்து அறிஞர்கள் கண்டனர். அது 293318625600. விந்தை யாதெனில், இவ்வெண்ணை 23-ஆல் பெருக்கினால் வருவது பட்டியலின் இறுதியில் நிற்கும் அப்பேரெண்ணே. விடுபட்டது, இறுதியானதின் உள்ளேயே மறைந்து நின்றது. இதனைக் கூறுவது அப்பெரியாரின் புகழுக்குக் குறையாகாது. எத்துணைத் தேர்ந்த ஸ்தபதியின் திருப்பணியிலும் எங்கோ ஒரு கல் விடுபடுதல் உண்டு. பின்வருவோர் அதனைக் கண்டு பொருத்துவர், கோயில் ஒன்றே. மனித முயற்சி எவ்வளவு உயர்ந்தாலும் முழுமை ஆண்டவனிடத்ததே என்னும் அடக்கத்தையும் இது நமக்கு உணர்த்துகிறது.

எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர் என்று ஒதுக்கப்பட்ட அவருக்கு, இந்த மிகுபகு எண் ஆராய்ச்சியின் பேரிலேயே 1916-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பி.ஏ. பட்டம் அளித்தது. 1918-ஆம் ஆண்டு ராயல் சங்கத்தின் உறுப்பினர் பதவியும், அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் பெலோ என்னும் பதவியும் கிடைத்தன. அக்கல்லூரியில் அப்பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

ஆனால் 1917-ஆம் ஆண்டிலேயே கடுநோய் அவரைப் பற்றியிருந்தது. மருத்துவமனைகளிலும் நோயாளர் விடுதிகளிலும் மாதங்கள் கழிந்தன. பட்னி என்னுமிடத்தில் நோய்ப்படுக்கையில் அவர் இருந்தபோது காண வந்த ஹார்டி, தாம் ஏறிவந்த வண்டியின் எண் 1729 என்றும் அது சிறப்பற்றது என்றும் கூற, இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இருவகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அதுவே என்று ராமாநுஜன் உடனே விடையிறுத்த செய்தியை அன்பர்கள் அறிவர். சிறப்பற்ற எண் என்று ஒன்றும் அவர் கண்ணுக்குத் தோன்றவில்லை.

அந்தப் பட்னியிலிருந்தே 1919-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 11-ஆம் நாள் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். அவருக்கு ஆண்டுதோறும் 250 பவுன் அளிப்பதென்று பல்கலைக்கழகம் தீர்மானித்திருந்தது. வறுமையிலே வாடியவர், நோயுற்றவர், குடும்பத்தைக் காக்கவேண்டியவர். அத்தொகையை அவர் எவ்வாறு வரவேற்றார்? தமக்குக் கிடைக்கும் தொகை தம் தேவைக்கு மிகுதி என்று எழுதினார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் அளித்து, தம் இன்றியமையாச் செலவு போக எஞ்சுவதைக் கல்விப் பணிக்கு, சிறப்பாக ஏழைச் சிறுவர்க்கும் அநாதைகளுக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைப்பதற்கும், பள்ளிகளில் புத்தகங்கள் வழங்குவதற்கும் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். உபகாரச் சம்பளம் பறிபோன வேதனையையும், காகிதம் இன்றிச் சிலேட்டைத் தேய்த்த நாட்களையும் அறிந்த நெஞ்சம் அது. எண்களிலே எதனை உயர்ந்ததென்று கண்டாரோ, அதனைத் தம் வாழ்விலும் கைக்கொண்டார். தன்னிடத்துள்ளதைப் பலர்க்கும் பங்கிட இடமளிப்பதே மேன்மை என்பது அவருக்கு வெறுங் கணக்காக நிற்கவில்லை.

1919-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் தாய்நாடு திரும்பினார். கொடுமுடியிலும், கும்பகோணத்திலும், பின்னர்ச் சென்னைச் சேத்துப்பட்டிலும் தங்கிச் சிகிச்சை பெற்றார். உடல் எலும்பும் தோலுமாக மெலிந்த நிலையிலும், படுக்கையில் கிடந்தவாறே கணக்கிடுவதை அவர் நிறுத்தவில்லை. 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 26-ஆம் நாள், முப்பத்திரண்டே வயதில், சேத்துப்பட்டில் அவர் இறைவன் திருவடி அடைந்தார். ஜானகி அம்மாள் தையல் தொழிலால் தம்மைக் காத்துக்கொண்டு, கணவரின் நினைவைப் போற்றி, 1994-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

ராமாநுஜன் விட்டுச் சென்ற செல்வமோ இன்றும் பங்கிடப்பெற்று வருகிறது. அவருடைய இறுதிக்கால ஏடுகளை 1976-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஆண்ட்ரூஸ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்தார். 1915-ஆம் ஆண்டின் மிகுபகு எண் கட்டுரையிலும் ஒரு பகுதி அக்காலத்துப் பணமுடையால் அச்சேறாது நின்றுவிட்டது. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த அப்பகுதியை நிக்கோலாஸ், ரோபின் என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் இருவர் விளக்கவுரையுடன் 1997-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2012-ஆம் ஆண்டு முதல் அவர் பிறந்த நாளாகிய டிசம்பர் 22 இந்நாட்டில் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்பெறுகிறது.

தம் கணித முடிவுகளுக்கு நாமகிரித் தாயாரின் அருளே காரணம் என்று ராமாநுஜன் கூறிவந்ததாக அவரை நெருங்கி அறிந்தோர் சொல்லியுள்ளனர். அருள் கிடைத்தது என்று அவர் உழைப்பைக் கைவிடவில்லை; உழைத்தோம் என்று அருளை மறக்கவும் இல்லை. இக்கும்பாபிஷேகத்திற்குத் தம்மால் இயன்றதை அளித்த அன்பர்களுள் பெருந்தொகை தந்தவரும் உண்டு, ஒரு ரூபாய் தந்தவரும் உண்டு. கோபுரக் கலசத்தில் வார்த்த புனித நீர் கீழே நிற்கும் அனைவர் மீதும் தெளிக்கப்படும்போது, இன்னார் அளித்தது இவ்வளவு என்று அது கணக்குப் பார்ப்பதில்லை. மிகுபகு எண்போல் அது எல்லார்க்கும் குறைவின்றிப் பங்கிடப்பெறுகிறது. ஸந்நிதியில் கைகூப்பி நிற்கும் அவ்வேளையில், ஏழை மாணவர்க்காகத் தம் பங்கை விட்டுக்கொடுத்த அம்மேதையையும் ஒரு கணம் நினைவிற் கொள்வோமாக. கற்கும் வேட்கையிருந்தும் வசதியற்று நிற்கும் பிள்ளை நம் தெருவிலும் இருக்கக்கூடும். அப்பிள்ளைக்கு ஒரு புத்தகமேனும் வாங்கித் தரும் மனத்தைத் தாயார் நமக்கு அருள்வாளாக.